விண்கல்லா, வெறும் கல்லா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேரிபரோ நகருக்கு அருகே, 2015ஆம் ஆண்டு தங்கம் தேடிச் சென்ற ஒருவருக்குச் செந்நிறக் கல் ஒன்று கிடைத்தது. அதன் எடை 17 கிலோ.

உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பிய அவர், அறுத்தும், துளையிட்டும், அமிலத்தில் இட்டும், சம்மட்டியால் அடித்தும் பார்த்தார். கல் உடையவில்லை.

இறுதியில் அதை மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றார். அது சுமார் 460 கோடி ஆண்டுகள் பழமையான விண்கல் என்று அங்குள்ள நிலவியலாளர்கள் உறுதி செய்தனர். இதன் விவரங்கள் 2019ஆம் ஆண்டு வெளியாயின.

ஆனால் இத்தகைய முடிவு மிக அரிது. அந்த அருங்காட்சியகத்தில் 37 ஆண்டுகள் பணியாற்றிய நிலவியலாளர் ஒருவர், விண்கல் என்று கருதி மக்கள் கொண்டுவந்த ஆயிரக்கணக்கான கற்களில் இரண்டு மட்டுமே உண்மையானவை என்று தெரிவித்திருந்தார்.

புறத்தோற்றம்

காற்று மண்டலத்தில் பாயும்போது விண்கல்லின் மேற்பரப்பு உருகி, மெல்லிய கரிய தோல் போலப் படிகிறது. களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற ஆழமற்ற பள்ளங்களும் சிலவற்றில் காணப்படும். நீண்டகாலம் மண்ணில் கிடந்தால் கருமை மறைந்து பழுப்பு நிறமாகும். உள்ளே உலோகம் இருப்பதால், பெரும்பாலானவை அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிடக் கனமானவை.

கல்லில் காற்றுக் குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் உலைக்கசடு அல்லது எரிமலைக் கல். வெண்மையான குவார்ட்ஸ் படிகங்கள் தெரிந்தால் அது பூமியில் உருவான கல்லே.

பூச்சில்லாத பீங்கான் ஓட்டின் பின்புறத்தில் உரசும்போது செந்நிறக் கோடு விழுந்தால் ஹேமடைட், கருங்கோடு விழுந்தால் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவாக இருக்கலாம்.

காந்தம் வேண்டாம்

காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதே பலரும் முதலில் செய்யும் சோதனை. மேக்னடைட்டும் உலைக்கசடும்கூடக் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதால், இதனால் எதுவும் உறுதியாவதில்லை.

மாறாக, இதனால் இழப்பு உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காந்தப் புலத்தின் தடயம் விண்கல்லில் பதிந்திருக்கக்கூடும். வலிய காந்தம் பட்டால் அது அழிந்துவிடும். சஹாரா பாலைவனத்தில் கிடைத்த, செவ்வாய்க் கோளிலிருந்து வந்த அரிய கல்லின் துண்டுகளில் இவ்வாறே நேர்ந்திருப்பது 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது.

இறுதித் தீர்ப்பு

வீட்டுச் சோதனைகளால் ஒரு கல்லை விலக்க முடியுமே தவிர, அதை விண்கல் என்று நிறுவ முடியாது. ஆய்வுக்கூடத்தில் சிறு துண்டை அறுத்து, அதிலுள்ள இரும்பில் நிக்கல் கலந்துள்ளதா, காண்ட்ரூல் எனப்படும் நுண்ணிய உருண்டை மணிகள் உள்ளனவா என்று பார்க்கின்றனர். மேரிபரோ கல்லும் வைர ரம்பத்தால் அறுக்கப்பட்ட பிறகே அடையாளம் காணப்பட்டது.

ஆகவே, ஐயத்துக்குரிய கல் கிடைத்தால் அதைக் கழுவாமல், உடைக்காமல், கிடந்த இடத்தைக் குறித்து, படம் எடுத்து, அருங்காட்சியகம் அல்லது பல்கலைக்கழக நிலவியல் துறையை அணுகுவதே நல்லது. விண்கல்லின் உரிமை குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. ஆஸ்திரேலியாவில் கிடைத்த விண்கல்லை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல அரசின் அனுமதி தேவை.