கலயமும் சுண்ணாம்பும்

கள்ளும் பதநீரும் ஒரே பனையில், ஒரே பாளையில் வடிவதுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாமல் விட்டால் கள். தென்மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்தக் கைப்பிடிச் சுண்ணாம்பை நம்பி ஒரு சட்டமே நின்றது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள்.

பாளை நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. நம் வெயிலுக்கு அது சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். புளிக்க வைக்கும் ஈஸ்ட் காற்றிலும் இருக்கிறது, பாளையிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, பழைய மண் கலயத்தின் நுண்துளைகளில் குடியிருக்கிறது. கள் இறக்குபவருக்கு அந்தப் பழைய கலயம் உதவி. பதநீர் இறக்குபவருக்கு அதுவே பகை.

கனடாவில் மேப்பிள் மரத்தில் நீர் எடுப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் அங்கே பருவமே பனி உருகும் காலம். குளிர் பாதிக் காவல் காக்கும். நம் பனைக்குப் பருவம் கோடை. காவலுக்குச் சுண்ணாம்பு ஒன்றுதான்.

இறக்கிய கலயத்தைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, உள்ளே சுண்ணாம்புக் குழம்பைத் தடவி மறுபடி பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் வளராது. அளவுதான் வித்தை. குறைந்தால் விடிவதற்குள் நுரை கட்டிவிடும். கூடினால் பதநீர் நாக்கில் காரும். காய்ச்சும் கருப்பட்டியும் நிறம் கறுத்து ருசி கெடும். காற்றின் சூடு பார்த்து, மரத்தின் உச்சியில் நின்றபடி அந்த அளவை முடிவு செய்தவர் பனையேறி.

வெள்ளைக்காரர் காலத்தில் கள் இறக்கும் மரத்துக்கு மரவரி உண்டு. பதநீர் மரத்துக்கு அது கிடையாது. அப்போதே சுண்ணாம்பு வரிக்கணக்கில் ஏறிவிட்டது. பிறகு 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. இடையில் கள்ளுக்கடைகள் திறந்ததும் மூடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கு மீண்டும் தடை.

பனையேறும் குடும்பங்கள் பிழைக்கக் காந்தியடிகள் காட்டிய வழி கருப்பட்டி. அவர் தொடங்கி வைத்த அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில் நம் ஜே.சி. குமரப்பா அந்தத் தொழிலுக்காக உழைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் அதன் சுமை கலயத்தின் மேல் விழுந்தது. முன்பெல்லாம் சுண்ணாம்பு குறைந்தால் அன்றைய பதநீர் போகும், அவ்வளவுதான். மதுவிலக்கு வந்தபின் அதே கலயம் குற்றத்துக்குச் சாட்சி. ஒரு புழுக்கமான இரவில் தானாகப் புளித்ததா, வேண்டுமென்றே புளிக்க விட்டதா என்பதைக் கலயம் சொல்லாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை உயிரைக் கையில் பிடித்து ஏறும் மனிதர், கீழே இறங்கியபின் தன் நேர்மையையும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

இப்போது தென்னையில் சுண்ணாம்பு இல்லாமலே நீர் இறக்க, காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பனிக்கட்டி வைத்த பெட்டி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. குளிரில் நீர் புளிக்காது, சுண்ணாம்பு வாடையும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பல பனைகளில் ஏறி இறங்குபவர் அத்தனை பெட்டியையும் பனிக்கட்டியையும் எப்படிச் சுமப்பார்? அதனால் பனங்காட்டில் சுண்ணாம்புக்கு இன்னும் வேலை இருக்கிறது.

கோடையில் சாலையோரம் பதநீர் வாங்கினால், கலக்காமல் சற்றுத் தெளியவிட்டுப் பாருங்கள். அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு தங்கும். சிலர் அதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கிறார்கள். தெளிவை மட்டும் குடித்துவிட்டு, படிவு ஏன் வந்தது என்று பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைக்குச் சொல்லுங்கள்.