வரிசை எங்க நிக்கணும்? பெர்லின் வானம் சொன்ன பதில்

இறங்க வேண்டிய ஊர் ஜன்னல் வழியா தெரியுது, ஆனா விமானம் இறங்காம வட்டமடிச்சுக்கிட்டே இருக்கு. உங்கள்ல பல பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். அப்ப மேல என்னதான் நடக்குது?

ஒரே நேரத்துல பத்து விமானம் வந்தா, பஸ் மாதிரி ஓரங்கட்ட முடியாது. அதனால ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மேல நீள்வட்டமா சுத்த விடுவாங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணு, நடுவுல 1,000 அடி இடைவெளி, டிபன் கேரியர் அடுக்கு மாதிரி. அடியில இருக்கறது தரையிறங்கப் போனதும், மேல இருக்கறதெல்லாம் ஒவ்வொரு படியா கீழ வரும். இதுக்குப் பேர் ஹோல்டிங் ஸ்டாக்.

இந்த அடுக்கு கைமீறிப் போனா என்ன ஆகும்ங்கறதை 1948-ல பெர்லின் பார்த்தது. அந்த வருஷம் ஜூன் மாசம், மேற்கு பெர்லினுக்குப் போற சாலை, ரயில், நீர்வழி எல்லாத்தையும் சோவியத் அடைச்சிருச்சு. உள்ள 20 லட்சத்துக்கும் அதிகமான மக்கள். மாவுல இருந்து நிலக்கரி வரைக்கும் எல்லாமே விமானத்துலதான் வந்தாகணும்.

ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்துல பேய் மழை. மேகம் கட்டடங்களோட கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. ஒரு விமானம் ஓடுபாதையின் முனையில விபத்துக்குள்ளாகித் தீப்பிடிச்சது. அடுத்து வந்தது அதுமேல மோதாம இருக்க பிரேக் போட்டு, டயர் வெடிச்சு நின்னது. மூணாவது, கட்டி முடிக்காத ஓடுபாதையில இறங்கிச் சுழன்றது. இதுக்கு நடுவுல பின்னாடி விமானங்கள் வந்துக்கிட்டே இருந்தன. 3,000 அடியில இருந்து 12,000 அடி வரைக்கும் அடுக்கு. மேகத்துக்குள்ள ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கிட்டவர், இந்த வேலைக்கே தலைவரான ஜெனரல் வில்லியம் டன்னர். இரண்டாம் உலகப் போர்ல இந்தியாவுல இருந்து இமயமலையைத் தாண்டி சீனாவுக்குச் சரக்கு அனுப்பிய விமானப் பணியை நடத்தின அதே மனுஷர். தன் விமானத்தைத் தவிர மத்த எல்லாத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அதுக்கப்புறம் அவர் கொண்டுவந்த விதிதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம். ஒவ்வொரு விமானத்துக்கும் இறங்க ஒரே ஒரு வாய்ப்பு. தவறவிட்டா, வட்டமடிக்கக் கூடாது. சரக்கோட கிளம்பின தளத்துக்கே திரும்பிப் போகணும். கொடுமையாத்தான் தெரியும். ஆனா 1949 ஈஸ்டர் சமயத்துல, 24 மணி நேரத்துல 1,398 விமானங்கள் பெர்லினுக்குச் சரக்கு கொண்டுவந்தன. கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒண்ணு!

டன்னர் பண்ணது என்னன்னா, வரிசையை வாசல்ல நிக்க விடாம, கிளம்புற இடத்துலேயே ஒழுங்குபடுத்தினார்.

இந்தப் பாடத்தை உலகம் முழுசா கத்துக்கலை. 1990 ஜனவரி 25, கொலம்பியாவுல இருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52. மோசமான வானிலை. வழியில மூணு தடவை, மொத்தம் 1 மணி 17 நிமிஷம் காக்க வெச்சாங்க. முதல் தடவை தரையிறங்க முடியாம மேல ஏறின விமானம், எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டுல விழுந்தது. 158 பேர்ல 73 பேர் இறந்தாங்க. எரிபொருள் தீருதுன்னு சொன்ன விமானிகள், 'எமர்ஜென்சி'ங்கற வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை. ஆனா விசாரணை அறிக்கை அவங்களோட நிக்கலை. வர்ற விமானங்களைக் கட்டுப்படுத்தின ஏற்பாடே போதலைன்னும் சொன்னது.

லண்டன் ஹீத்ரோவைச் சுத்தி இன்னைக்கும் நாலு அடுக்குகள் இருக்கு. ஆனா 2014-ல இருந்து, நெரிசல் வரும்னு தெரிஞ்சா சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி வரும்போதே வேகத்தைக் குறைக்கச் சொல்றாங்க. பல நாடுகள்ல விமானத்தைக் கிளம்பவே விடாம தரையில நிறுத்தறாங்க.

அதனால, எல்லாரும் ஏறி உக்காந்த பிறகும் "இன்னும் 40 நிமிஷம் ஆகும்"னு கேப்டன் சொன்னா, எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனா அந்த 40 நிமிஷத்தை எரிபொருள் எரிய எரிய மேகத்துக்குள்ள காத்திருக்கறதுக்கு, தரையில காத்திருக்கறது எவ்வளவோ தேவலை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!