கொடுத்த கையும் வாங்கிய கையும்



திருவிவிலியத்தில் 'திருப்பொழிவு பெற்றவர்' என்பது மிக உயர்ந்த பெயர். சவுலுக்கும் தாவீதுக்கும் அந்தப் பெயர் உண்டு. குருக்களுக்கும் உண்டு. ஆனால் எசாயா நூலின் 45-ஆம் அதிகாரம் அதே பெயரை வேற்றினத்தார் ஒருவருக்கு, அதுவும் இஸ்ரயேலின் கடவுளை அறியாத ஒருவருக்குக் கொடுக்கிறது. அவர்தான் பாரசீக மன்னர் சைரசு. அவர் தொடங்கிய பேரரசு எப்படி எழுந்தது? எப்படி ஆண்டது? அதன் கீழ் வாழ்ந்த எளிய மக்களுக்கு அந்த ஆட்சி எப்படி இருந்தது? இன்று இதைப் பற்றிச் சிந்திப்போம்.

பாரசீகர் தொடக்கத்தில் பெரிய இனத்தார் அல்லர். இன்றைய ஈரானின் தென்மேற்கே, மலைகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள். வடக்கே மேதியர் அவர்களைவிட வலிமையோடு இருந்தார்கள். ஏறத்தாழ கி.மு. 559-இல் சைரசு, அன்சான் என்ற சிற்றரசுக்கு அரசரானார். கி.மு. 550-இல் மேதிய மன்னர் அவர்மீது படையெடுத்து வந்தார். ஆனால் அந்த மன்னரின் வீரர்களே கலகம் செய்து, அவரைப் பிடித்துச் சைரசிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த, பொன்னுக்குப் பெயர் பெற்ற லீதியா நாடும் வீழ்ந்தது. கி.மு. 539 அக்டோபரில் பாபிலோனின் முறை வந்தது. ஓப்பிசு என்ற இடத்தில் நடந்த போரில் கொலையும் கொள்ளையும் நடந்தன. அதன்பின் பாபிலோன் நகரம் போரின்றியே வாயிலைத் திறந்தது.

அந்த நகரத்தில்தான் யூதர்கள் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்து வந்தார்கள். ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கு முன் நெபுகத்னேசர் எருசலேம் கோவிலை எரித்து, அதன் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போயிருந்தார். சைரசு அந்த மக்களை ஊர் திரும்ப விட்டார். கோவிலைக் கட்ட ஆணை கொடுத்தார். பொன்னும் வெள்ளியுமாக 5,400 பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்ததாக எஸ்ரா நூல் கூறுகிறது. வென்றவர்கள் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். இவரோ திருப்பிக் கொடுத்தார். அந்த மக்களின் நன்றி எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்!

1879-இல் பாபிலோனின் இடிபாடுகளில், ஒரு சாண் நீளமுள்ள களிமண் உருளை ஒன்று கிடைத்தது. இப்போது இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சைரசின் பெயரில் எழுதப்பட்ட அந்த உருளையில் எருசலேமைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாபிலோனின் தெய்வமான மர்துக் தம்மைத் தேர்ந்துகொண்டதாகவும், பல ஊர்த் தெய்வங்களின் சிலைகளை அவற்றின் இடங்களுக்கே திருப்பி அனுப்பியதாகவும் சைரசு அதில் கூறுகிறார். யூதர்களுக்கு அவர் செய்தது தனிச் சலுகை அன்று என்பது இதிலிருந்து விளங்குகிறது. அது அவருடைய ஆட்சி முறை. மக்களை அவரவர் ஊரில், அவரவர் வழிபாட்டோடு இருக்க விட்டால் நாடு அமைதியாக இருக்கும், வரியும் ஒழுங்காக வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவருடைய நோக்கத்தில் அரசியல் இருந்தது. ஆனாலும் அந்தக் கையின் வழியாகவே கடவுள் தம் மக்களை வீட்டுக்கு அனுப்பினார் என்கிறது இறைவாக்கு.

சைரசு கி.மு. 530-இல் இறந்தார். அவருடைய மகன் எகிப்தை வென்றார். கி.மு. 522-இல் அரியணை ஏறிய தாரியு, கிழக்கே சிந்து நதி முதல் மேற்கே ஏகன் கடல் வரை பரந்த நாட்டை மாநிலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆளுநரை அமர்த்தினார். சர்தை நகரிலிருந்து சூசா வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டருக்கு அரச நெடுஞ்சாலை ஓடியது. அதில் 111 தங்குமிடங்கள் இருந்ததாக கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதுகிறார். நடந்து போகிறவருக்கு மூன்று மாதப் பயணம். ஆள் மாற்றிக் குதிரை மாற்றிப் பறந்த அரசரின் அஞ்சலுக்கோ சில நாள் பயணம்தான். அலுவலக மொழியாக அரமேயம் வழங்கியது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம் ஆண்டவர் பேசியதும் அந்த மொழிதான். அது அந்த நிலத்தில் வேர் பிடித்ததில் பாரசீக எழுத்தர்களுக்கும் பங்கு உண்டு.

எழுத்தை மதித்த ஆட்சி அது. எஸ்ரா நூலின் 5, 6 அதிகாரங்களைப் படித்துப் பாருங்கள். எருசலேமில் கோவில் வேலை நடக்கிறது. யாருடைய அனுமதியில் கட்டுகிறீர்கள் என்று ஆளுநர் கேட்கிறார். சைரசு மன்னர் ஆணையிட்டார் என்கிறார்கள் மூப்பர்கள். ஆளுநர் வேலையை நிறுத்தவில்லை. அரசருக்குக் கடிதம் எழுதுகிறார். பாபிலோனில் தேடுகிறார்கள். பிறகு மேதிய நாட்டு எக்பத்தானா கோட்டையில் அந்த ஏடு கிடைக்கிறது. ஆணையிட்ட அரசர் இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் கொடுத்த சொல் செல்லும் என்கிறார் தாரியு. கி.மு. 515-இல் கோவில் கட்டி முடிகிறது. ஏழைகளுக்குக் கொடுத்த வாக்குறுதி எழுத்தில் இருந்து, அந்த எழுத்து பத்திரமாகவும் இருந்தது. எத்தனை பெரிய காரியம் இது!

அன்பு நேயர்களே, கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் திருவிவிலியம் அடுத்த பக்கத்தையும் மறைக்காமல் காட்டுகிறது.

இந்த ஆட்சியின் கனிவு பணிந்தவர்களுக்குத்தான். தமக்கு எதிராக எழுந்த ஒரு தலைவரின் மூக்கையும் காதுகளையும் நாக்கையும் அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, கழுவில் ஏற்றியதைத் தாரியு பெகிசுத்தூன் மலையில் மூன்று மொழிகளில் பெருமையோடு செதுக்கி வைத்தார். பெர்செப்பொலிசு அரண்மனையில் கிடைத்த களிமண் ஏடுகள் வேலையாட்களுக்கு அளந்த படியைக் கணக்கு வைத்திருக்கின்றன. குழந்தை பெற்ற பெண்களுக்குக் கூடுதல் படி உண்டு. ஆனால் பெண் குழந்தை என்றால், ஆண் குழந்தைக்குக் கொடுத்ததில் பாதிதான்.

பிறகு வரி. பாரசீகர்கள் வரி கட்டத் தேவையில்லை, மற்றவர்கள் கட்டினார்கள். யூதா அடங்கிய மாநிலம் ஆண்டுக்கு 350 தாலந்து வெள்ளி கட்டியது என்கிறார் எரோடோட்டசு. அது ஏறத்தாழ 10 டன். அதைக் கட்டியவர்கள் யார்? நெகேமியா நூலின் 5-ஆம் அதிகாரத்தில் அவர்களின் அழுகுரல் கேட்கிறது. பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தார்கள். அரசருக்கு வரி கட்டக் கடன் வாங்கினார்கள். கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவர்கள் யார்? பாரசீகர் அல்லர், சொந்த இனத்துப் பெரிய மனிதர்கள்! ஊர் திரும்பியும், சொந்த மண்ணிலேயே நாங்கள் அடிமைகள் என்று அதே நூலின் 9-ஆம் அதிகாரம் இறைவனிடம் முறையிடுகிறது.

அப்போது நெகேமியா என்ன செய்தார்? அவரும் பாரசீக அரசு அமர்த்திய ஆளுநர்தான். சூசாவில் அரசருக்குக் கிண்ணம் ஏந்தியவர். பேரரசை மாற்ற அவரால் முடியாது. ஆனால் தம் கைக்கு எட்டியதைச் செய்தார். கடன் கொடுத்தவர்களை ஊரார் முன் நிறுத்தி, நிலங்களையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். ஆளுநருக்கு உரிய உணவுப் படியை 12 ஆண்டுகளாகத் தாம் வாங்கவே இல்லை.

கி.மு. 331-இல் அலெக்சாந்தர் சூசாவுக்குள் நுழைந்தபோது, கருவூலத்தில் 50,000 தாலந்து வெள்ளி இருந்ததாக அர்ரியன் எழுதுகிறார். பிள்ளைகளை அடகு வைத்துக் கட்டிய வரியும் அந்தக் குவியலில் கிடந்திருக்கும். அடுத்த ஆண்டு பெர்செப்பொலிசு எரிந்தது. பேரரசு முடிந்தது.

நன்மை செய்தவர் நம்மவர் இல்லை என்பதற்காக அந்த நன்மையை மறுக்காதீர்கள் என்று எசாயா நமக்குக் கற்பிக்கிறார். நன்மை செய்த ஆட்சி என்பதற்காக ஏழையின் அழுகுரலை மூடி மறைக்காதீர்கள் என்று நெகேமியா கற்பிக்கிறார். ஆட்சியாளரைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் இவற்றில் ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நேர்மையை ஆண்டவரிடம் கேட்போம். நமக்குக் கடன்பட்டிருக்கும் எளியவர் யாராவது இருந்தால், இந்த வாரம் அவருடைய அடகைப் பற்றியும் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.