நெல் வள்ளம் படகுவீடான கதை

கேரளக் காயல்களில் சுற்றுலாப் பயணிகள் இரவு தங்கும் படகுவீட்டின் மூலவடிவம் கெட்டுவள்ளம். குட்டநாட்டு நெல்லையும் தேங்காயையும் கொச்சிக்குக் கொண்டுபோன சரக்குப் படகு அது. பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள்; வேம்பநாட்டுக் காயலின் அகன்ற பரப்பில் காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள்.

வள்ளத்தில் ஆணி கிடையாது. அயினிப் பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, இரண்டு பலகை சேரும் இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, அதன்மேல் கயிற்றை இழுத்து இறுக்கித் தைப்பார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டைக் காய்ச்சி எடுத்த கரிய பசையைப் பூசுவது கடைசி வேலை. தண்ணீரில் ஊறி நாரும் பலகையும் உப்பும்போது இணைப்பு இன்னும் இறுகும். கயிறு நைந்தால் கரையேற்றிப் பிரித்து, அதே பலகைகளை மறுபடி தைக்கலாம். பழைய வள்ளத்துக்கு மறுவாழ்வு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைக்கும் இந்த நீர்வழியில் பங்குண்டு. இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழா ஆறு மூவாற்றுப்புழையில் சேர்ந்து வேம்பநாட்டுக்குப் போகிறது. 1762இல் தொடங்கிய ஆலப்புழா துறைமுகத்துக்கு மிளகு போன்ற மலைச்சரக்கு வந்து சேர, காயலும் கால்வாயும் தோதாக இருந்தன.

நாள்கணக்கில் நீரிலேயே கிடந்த வள்ளக்காரர்களுக்கு வசதி என்று பெரிதாக ஏதும் இல்லை. ஓர் அடுப்பு, படுக்கக் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். மூங்கிலும் பாயும் கொண்டு வளைத்த கூரைகூட முதலில் நெல் நனையாமல் இருக்கத்தான். ஆளுக்கு நிழல் கிடைத்தது உபரி.

பாலங்களும் சாலைகளும் பெருக, சரக்கு லாரிக்கு மாறியது. வேலையற்றுக் கிடந்த வள்ளங்களை 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழாவில் விலைக்கு வாங்கி வீடாக்கத் தொடங்கினார்கள். கூரையை உயர்த்தி ஜன்னல் திறந்தார்கள். மூட்டை அடுக்கிய நடுப்பகுதி படுக்கையறையானது. அதை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும் வந்தன. சமையலறை பின்பக்கம், உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் திண்ணை முன்பக்கம். பயணிக்கு நேரம் முக்கியம் என்பதால் கழியும் பாயும் போய் டீசல் எஞ்சின் ஏறியது. குளிர்சாதனத்துக்கு ஜெனரேட்டர் வந்ததும், காயல் பயணத்தின் அமைதி பாதி போயிற்று.

கிடைத்த பழைய வள்ளங்கள் போதாமல் புதிதாகவே படகுவீடு கட்டும் தொழில் வளர்ந்தது. கழிவும் எண்ணெயும் காயலில் கலப்பது பெரும் சிக்கலாயிற்று. 2002இல் வேம்பநாடு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது; 2010இல் கேரள உள்நாட்டுக் கலங்களுக்கான விதிகள் வந்தன. இருட்டும் முன் படகுவீடுகள் கரையோரம் நிறுத்தப்படுகின்றன. அதன்பின் காயல் வலைபோடும் மீனவர்களுக்கு.