வில்லற்ற வண்டி: ஊவாத் தோட்டப் போக்குவரத்து பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வோர் நிலம், மூலதனம், உழைப்பு ஆகிய மூன்றையும் விரிவாகப் பேசுவர். வண்டியைப் பற்றி அரிதாகவே பேசுவர். ஆயினும் மலையில் விளைந்த பொருள் துறைமுகத்தைச் சென்றடைந்தாலன்றி அது விலைபெறும் பண்டமாவதில்லை. வண்டியின் சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே வில் வைப்பதா, வேண்டாமா என்பது தோற்றத்தில் ஒரு பட்டறை வினா. ஊவாவைப் பொறுத்தவரை அது, யாருடைய உடல் அதிர்ச்சியினின்று காக்கப்பட வேண்டும் என்ற சமூக வினாவுமாகும். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டிப்பாதைகள் வருமுன் ஊவாவின் போக்குவரத்து பொதிமாட்டுத் தவளங்களையே நம்பியிருந்தது. கோப்பிப் பயிர் பரவியதும் மாட்டுவண்டிகள் பெருகின. 1848 இல் பிரித்தானிய ஆட்சி விதித்த புதிய வரிகளுள் வண்டிக்கான வரியும் ஒன்றாக இருந்தமை, அக்காலப் பொருளாதாரத்தில் வண்டி பெற்றிருந்த இடத்தைப் புலப்படுத்தும். 1869 இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1893 இல் அப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளைக்கு நேர்வழியில் தொலைவு மிகுதியன்று. எனினும், தெமோதரையின் சுற்றுவளைவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் கடந்து பதுளையைச் சென்றடைய 1924 வரை முப்பது ஆண்டுகள் சென்றன. அக்காலம் முழுவதும் பதுளை, பசறை, லுணுகலைப் பகுதிகளின் தேயிலையைப் புகையிரதத்துக்குக் கொண்டுசேர்ப்பதில் மாட்டுவண்டி பெரும்பங்கு வகித்தது.

அவ்வண்டி எத்தகையது? தமிழர் வழக்கில் இருவகை வண்டிகளுக்கு இரு பெயர்கள் உள. அச்சின்மேல் நேரே கட்டப்பட்டது கட்டைவண்டி. எஃகு வில்லின்மேல் ஏற்றப்பட்டது வில்வண்டி. முன்னது பாரத்துக்கு, பின்னது செல்வர் பயணத்துக்கு. இங்கிலாந்தில் 1804 இல் ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றபின் பயணவண்டிகளின் அமைப்பே மாறியது. தென்னிந்தியாவில் வில்வண்டி உயர்ந்தோர் சின்னமாயிற்று. அதனாலேதான் 1893 இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவீதியில் வில்வண்டியேறிச் சென்றது உரிமைப் போராட்டமாக வரலாற்றில் இடம்பெற்றது. அதே ஆண்டில்தான் அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்தது என்பதையும் இணைத்து நோக்கலாம். ஆனால் தேயிலைப் பெட்டிக்குப் பாதை சமைத்துக்கொடுத்த தொழிலாளரின் முன்னோரோ, மன்னாரிலிருந்து மாத்தளை ஊடாகக் காடுமேடு கடந்து நடந்தே மலையேறியவர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் லொறியும், அதன்பின் உழவு இயந்திரமும் தோட்டங்களுக்கு வந்தன. உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டப்படும் பெட்டி, றப்பர்ச் சக்கரம் பூண்ட கட்டைவண்டியே எனலாம். பெரும்பாலான பெட்டிகளில் அச்சு சட்டத்தோடு நேரே இறுக்கப்பட்டிருக்கும். இதற்குக் காரணம் உண்டு. வயலிலும் தோட்டத்திலும் மெதுவாகச் செல்லும் வண்டிக்கு வில் வேண்டுவதில்லை, செலவு குறைவு, பழுது குறைவு, பசளை மூட்டைக்கோ விறகுக்கோ குலுக்கல் தெரிவதில்லை. ஆனால் அதே பெட்டியில்தான் தூரத்து மலைக்கு வேலைக்குச் செல்வோரும், சில வேளைகளில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளரும் கருவுற்ற பெண்களும் ஏற்றப்பட்டனர். கல்பரவிய தோட்டவீதியின் ஒவ்வொரு குழியும் அவர்களின் முதுகெலும்பில் நேரே தாக்கியது.

அப்பெட்டிக்கு வில் பொருத்திவிட்டால் குறை தீருமா? தகடுகளை அடுக்கிச் செய்த வில்லின் முன்முனை சட்டத்திலுள்ள தாங்கியில் ஊசியால் நிலையாகப் பிணைக்கப்படும். பாரம் ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுமாதலின், பின்முனை அசையும் இணைப்பில் தொங்கவிடப்படும். நடுப்பகுதி, ‘யூ’ வடிவ ஆணிகளால் அச்சோடு இறுக்கப்படும். இழுகொளுவியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம் சமமாக இல்லாவிடில் பெட்டி கோணலாக ஓடிச் சக்கரங்களைத் தேய்க்கும். இவை கைதேர்ந்த பட்டறைக்காரரால் இயல்பவை. இடர் வேறோரிடத்தில் உளது. 4 தொன் பாரத்துக்கென அமைந்த வில், ஏறத்தாழ 1 தொன் எடையுள்ள இருபது பேர் ஏறும்போது பெரிதும் வளைந்து கொடாது. குலுக்கல் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மனிதருக்கேற்ற மென்மையான வில்லை வைத்தாலோ பாரம் ஏறுகையில் அது தாழ்ந்து சட்டத்தில் முட்டும். மேலும், வில்லால் பெட்டி உயர்ந்து, அதன் ஈர்ப்புமையமும் உயரும்; நமுனுகுலைச் சரிவுகளில் உள்ளவை போன்ற வளைவுகளில் வெளிப்புறம் சாயும் இயல்பு மிகும். தடையும் பக்கக் காப்பும் இல்லாத பெட்டிக்கு வில் மட்டும் பாதுகாப்பாகாது.

ஆகவே, பாரத்துக்கென அமைந்த வண்டியை மனிதருக்குப் போதுமெனக் கருதிய நோக்கே இங்கு மூலக்குறைபாடாகும். 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமையும் முகாமையும் கைமாறினவேயன்றிப் பெட்டியின் அச்சு சட்டத்தோடு இறுகியபடியே இருந்தது. கொழுந்தின் தரம் கெடாதிருக்க அது நசுங்காமல் ஆலையைச் சேரவேண்டுமென்று விதி வகுத்தனர். அக்கொழுந்தைப் பறித்த கைகளுக்குரியோர் நலமாக வீடுசேர, இருக்கையும் வில்லும் தடையும் உடைய தனி ஊர்தி வேண்டும் என்பது சலுகை கோருதலன்று. ஒன்றரை நூற்றாண்டாக நிலுவையில் நிற்கும் கடனைக் கேட்டலேயாகும்.