வாசிக்காத பாடத்துக்கு ஒரு சண்டை

2026 பொங்கலுக்கு மொனராகலைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். முந்தின நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே புரட்டிப் போட்டிருந்தது. மண்சரிவுல வீடு போன சொந்தக்காரர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பாங்கன்னு நினைச்சுப் போனேன். அந்தப் பேச்சும் இருந்தது. ஆனா லயத்துல அதைவிடச் சூடா வேற ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "ஆறாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு ஆம்பளையும் ஆம்பளையும் சேர்றத படிச்சுக் குடுக்கப் போறாங்களாம். இனி எப்படிப் புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறது?" இது சித்தி. அவங்க மகள் இந்த வருஷம்தான் தரம் 6.

மாமா அதுக்கு, "அப்பிடி ஒண்ணும் இருக்காது, எவனோ அரசியல் பண்றான்" என்றார். அம்மா, "படிச்சாத்தான் என்ன, தெரிஞ்சிக்கிட்டா தப்பா?" என்றார். அவ்வளவுதான், மூணு பேருக்கும் நடுவுல பொங்கல் பானை மாதிரி சண்டை பொங்கிடுச்சு. நான் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "அந்தப் புத்தகத்தை யாராவது பார்த்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை. சித்திக்கு வந்தது ஒரு வட்ஸ்அப் வொய்ஸ். அதுவும் யாரோ சிங்கள டீவியில் கேட்டதைத் தமிழில் சொன்ன வொய்ஸ்.

நான் அந்த விசயத்தைத் தேடிப் பார்க்கத் தொடங்கினது அப்படித்தான். தேடத் தேட, இது ஒரு மாசத்துச் சண்டை இல்லை, பழைய சண்டை என்று தெரிந்தது.

உண்மையில் என்ன நடந்தது?

புதிய கல்விச் சீர்திருத்தத்தின்படி 2026இல் தரம் 6க்குப் புதிய கற்றல் தொகுதிகள் வர இருந்தன. 2025 டிசம்பர் இறுதியில், தரம் 6 ஆங்கிலத் தொகுதியில் ஒரு இணையத்தள முகவரி இருப்பது தெரியவந்தது. அது வளர்ந்த ஆண்கள் ஆண் துணை தேடும் தளம். பதினொரு வயசுப் பிள்ளையின் பாடப்புத்தகத்தில் இருக்கக்கூடாத முகவரி. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. பெண் துணை தேடும் தளமாக இருந்தாலும் இதே பதில்தான். கல்வி அமைச்சு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறைப்பாடு செய்தது. தேசிய கல்வி நிறுவகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் விலகி நின்றார். ஜனவரியில் தரம் 6 சீர்திருத்தம் 2027க்கு ஒத்திவைக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஆங்கிலப் பாடம். பாலியல் கல்வியோ, பால்நிலை அடையாளமோ, எல்ஜிபிடி மக்களோ அந்தப் பாடத்தின் பொருளே கிடையாது. ஒரு முகவரியில் தொடங்கிய கேள்வி, சில நாட்களில் "இந்த அரசாங்கம் பிள்ளைகளைக் கெடுக்கப் பார்க்கிறது" என்ற இடத்துக்கு வந்துவிட்டது. கல்வி அமைச்சராகவும் இருக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரியவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வரை பேச்சுப் போனது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2025 செப்டெம்பரில், ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பின் சுற்றுலாத் திட்டம் ஒன்றுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் உட்பட மதத் தலைவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. முகவரி எண்ணெயாக விழுந்தது.

மூடப்பட்ட முதல் புத்தகம்

2019–2020 காலத்தில் கல்வி அமைச்சு தரம் 7 மாணவர்களுக்கு ஒரு துணைநூல் கொண்டுவந்தது. பெயர் 'ஹதே அபே பொத'. ஏழாம் வகுப்பில் எங்கள் புத்தகம் என்று அர்த்தம். பருவமடைதல், உடல் மாற்றம், இனப்பெருக்க சுகாதாரம், தன்னைப் பாதுகாத்துக்கொள்வது, இவைதான் அதில் பேசப்பட்டவை. பன்னிரண்டு வயசுல எங்க தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பாதிப்பேர் வயசுக்கு வந்திருப்பாங்க. அவங்களுக்கு அந்தப் புத்தகம் உண்மையில் கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் பிக்குமார் சிலர் உட்படப் பலர் எதிர்த்தார்கள். கலாசாரம் கெடும் என்றார்கள். விநியோகம் நிறுத்தப்பட்டது.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முதலாவதில் புத்தகம் சரியானது, ஆனா மூடப்பட்டது. இரண்டாவதில் ஒரு பக்கத்தில் பெரிய பிழை, முழு வகுப்பின் சீர்திருத்தமும் ஒத்திப்போனது. இரண்டிலும் பெற்றோர் என்ற பெயரில் நிறையப் பேர் பேசினார்கள். இரண்டிலும் பெரும்பாலான பெற்றோர் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

பயம் எங்கிருந்து வந்தது?

"இது நம்ம கலாசாரம் இல்ல, வெள்ளைக்காரன் கொண்டாந்தது" என்று அன்றைக்கு மாமாவும் ஒரு கட்டத்தில் சொன்னார். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது எது என்று பார்த்தால், அது சட்டம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானியர் எழுதினது. "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவும், அதனோடு சேர்ந்த 365அ பிரிவும் அந்தக் கோவையில் இன்றைக்கும் இருக்கின்றன. அதே காலத்தில்தான் எங்க பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து காட்டை வெட்டவைத்தார்கள். லயத்தையும் அந்தச் சட்டத்தையும் கட்டினது ஒரே கை.

சுதந்திரத்துக்குப் பிறகு நாங்களே அதைப் பெரிசாக்கினோம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, 365அ பிரிவை நீக்குவதற்குப் பதிலாக, ஆண்களை மட்டும் குறித்த சொல்லை "ஆட்கள்" என்று மாற்றினார்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் படாத பெண்களும் அன்றிலிருந்து குற்றவாளி ஆனார்கள். 2023இல் பிரேம்நாத் தொலவத்த இந்தப் பிரிவுகளை மாற்ற ஒரு தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அந்த வருஷம் மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்ததோடு அதுவும் போனது.

இதற்குள்ளே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி திருநர் ஒருவர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழிலேயே மாற்றம் செய்யலாம். அதாவது, ஆஸ்பத்திரியில் அரசாங்கம் "நீங்கள் இருக்கிறீர்கள்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. அதே அரசாங்கத்தின் பாடப்புத்தகம் அப்படி ஒரு மனுசரே இல்லை என்கிறது. நடுவில் நிற்கும் ஆசிரியர் என்ன செய்வார்? பக்கத்தைப் புரட்டிவிடுவார். எங்க வகுப்பிலும் அதுதான் நடந்தது. சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் வந்ததும், "இத நீங்களே வாசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அலகு தொடங்கிவிட்டது.

பெற்றோர் என்றால் யார்?

பள்ளிக்கூடம் பிள்ளையைக் கெடுக்கும் என்ற பயம் நம்ம சமூகத்துக்குப் புதுசு இல்லை. 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினபோது, பெண்ணுக்கு எழுத்து எதுக்கு என்றுதான் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலர் கேட்டார்கள். மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெற்றோரின் வழிவந்த பெண்கள் டாக்டர்கள், பேராசிரியர்கள்.

தோட்டத்தில் கதை வேறு. இங்கே பெற்றோரிடம் யாரும் கேட்டதே இல்லை. 1907இன் கிராமியப் பாடசாலைச் சட்டமும் 1920இன் கல்விச் சட்டமும் ஆறிலிருந்து பத்து வயசு வரையான பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத் துரையின் பொறுப்பில் விட்டன. பத்து வயசுக்குப் பிறகு? மலைக்குப் போகலாம். என்ன படிப்பு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் துரையும் கங்காணியும் தீர்மானித்தார்கள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெல்லாம் வந்தபோது தோட்டப் பாடசாலை வெளியே நின்றது. அரசாங்கம் அவற்றைப் பெரும்பாலும் பொறுப்பெடுத்தது 1970களின் பிற்பகுதியில்தான். அதனால் "பாடத்திட்டத்தைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு" என்று ஒரு தோட்டத்துத் தாய் சொல்வது நமக்கு வரலாற்றில் புது விசயம். சித்தி அன்றைக்குக் கோபப்பட்டதில் எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது, இதனால்தான்.

ஆனா அந்தக் கருத்து உருவாக அவருக்குக் கிடைத்தது என்ன? சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மொனராகலைத் தோட்டத்துக்குக் கொழும்பின் விவாதம் மொழிபெயர்ந்து, தேய்ந்து, ஒரு வொய்ஸாகத்தான் வருகிறது. பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்து, தமிழில், "இதுதான் பாடம், இதுதான் பிழை, இதுதான் மாற்றம்" என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. துரை காலத்தில் கேட்காமலே தீர்மானித்தார்கள். இப்போ கேட்காமலே பெற்றோர் பெயரைப் பாவிக்கிறார்கள்.

வேறு இடங்களில்

தமிழ்நாட்டில் 2021இல் நடந்த ஒரு வழக்கு இதில் முக்கியமானது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விசயத்தில் தனக்கே போதிய விளக்கம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டார். பெற்றோரையும் எதிரியாக நடத்தாமல் உளவளத்துணைக்கு அனுப்பினார். ஜூன் 7ஆம் திகதி வந்த உத்தரவில், பாலியல் நாட்டத்தை "மாற்றும்" வைத்தியங்களைத் தடை செய்ததோடு, பாடத்திட்டத்திலும் மாற்றம் வேண்டும் என்றார். அதே வருஷக் கடைசியில் இந்தியாவின் என்சிஈஆர்டி நிறுவனம், திருநர் குழந்தைகளைப் பள்ளி எப்படி அரவணைக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு வந்தது. சில நாட்களில் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நீதிபதி அதை வருத்தத்தோடு கேள்வி கேட்டார். அங்கேயும் கையேடு வாசிக்கப்படும் முன்னே மூடப்பட்டது.

நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தச் சண்டை வேறு மாதிரிப் போனது. 2010இல் புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை எதிர்ப்புக்குப் பயந்து அரசாங்கம் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கியது. 2015இல் கத்லீன் வின் அரசாங்கம் திரும்பக் கொண்டுவந்தது. குடியேறிய பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் போராடினார்கள். 2018இல் டக் ஃபோர்ட் அரசாங்கம் அதைத் தூக்கிவிட்டுப் பழைய 1998 பாடத்துக்குப் போனது. 2019இல் வந்த புதுப் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால், 2015இல் இருந்ததில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. பால்நிலை அடையாளப் பாடம் தரம் 8க்குத் தள்ளிப்போனது. வேண்டாம் என்கிற பெற்றோர் பிள்ளையை அந்த அலகுகளிலிருந்து விலக்கிக்கொள்ள ஒரு நடைமுறையும் வந்தது. இது நல்ல முடிவா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. விலக்கப்படும் பிள்ளைதான் சில நேரம் அந்தப் பாடம் அதிகம் தேவைப்படும் பிள்ளை. ஆனா அங்கே சண்டை எழுதப்பட்ட பாடத்தை மேசையில் வைத்து நடந்தது. எந்த வயசில், எந்த வார்த்தையில் என்று பேச முடிந்தது. நம்ம நாட்டில் "வேணும், வேணாம்" என்பதைத் தாண்டவே இல்லை.

கடைசியாக ஒரு பையன்

எங்க வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நடையும் பேச்சும் கொஞ்சம் மென்மை. "ஒம்போது" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். எல்லோரும் என்றால், நானும்தான். அவன் பத்தாம் வகுப்போடு நின்று கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். அவன் திருநரா, தன்பாலீர்ப்பு உள்ளவனா, இரண்டும் இல்லாத சாதாரணப் பையனா, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. எங்களுக்கு யாரும் எந்தப் பாடமும் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த வார்த்தையை எப்படியோ நாங்க எல்லோரும் படித்திருந்தோம். பாடத்தை நிறுத்தினால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கும் என்று நினைக்கிறவங்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த ஒரு கதைதான்.

ஊரை விட்டு வர முதல்நாள் சித்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அந்தப் பையனின் அம்மாவை அவருக்குத் தெரியும், ஒரே மலையில் கொழுந்து எடுத்தவங்க. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த வெப்சைட் எல்லாம் புஸ்தகத்துல போடக் கூடாதுதானே?" என்றார். "கூடவே கூடாது சித்தி" என்றேன். "ஒருத்தன அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு படிச்சுக் குடுத்தா சரி. ஆனா என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் மொதல்ல காட்டணும்" என்றார்.

2027க்கு இன்னும் நேரம் இருக்கிறது. தரம் 6 புத்தகம் அடுத்த தடவை வரும்போது, பசறையிலும் லுணுகலையிலும் மொனராகலையிலும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் பெற்றோரைக் கூப்பிட்டு, தமிழில் வாசித்துக் காட்டட்டும். அதுக்குப் பிறகு சித்தி சண்டை போடுவாங்கன்னா, தாராளமாப் போடட்டும்.