பானைக்குள் போன பத்து

எங்கள் அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட்டு வைப்பார். மாதக் கடைசியில் எத்தனையோ முறை அந்தப் பானைதான் எங்களுக்குச் சோறு போட்டது. 1984-இல் கணக்கெழுதும் வேலைக்குக் குவைத் போனேன். ஒரு நாடே சட்டம் போட்டு அப்படிப் பிடி அரிசி எடுத்து வைக்கிறது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பழைய குவைத்தில் நல்ல குடிநீர் கிடையாது. ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பலில் தண்ணீர் வரும். கரையில் இறக்கிக் கழுதைமேல் ஏற்றித் தெருத்தெருவாக விற்பார்கள். முத்துக்குளிப்பை நம்பிய ஊர் அது. ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்ததும் 1930 வாக்கில் அந்தப் பிழைப்பும் படுத்துவிட்டது. 1938 பிப்ரவரியில் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. நடுவில் உலகப்போர் வந்துவிட, முதல் எண்ணெய்க் கப்பல் 1946 ஜூனில்தான் புறப்பட்டது. கடைவீதியில் அப்போது புழங்கியது நம் ரூபாய்; 1961-இல்தான் தினார் வந்தது.

1950-இல் பட்டத்துக்கு வந்த ஷேக் அப்துல்லா அல் சாலிம் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டினார். 1953-இல் ஷுவைக்கில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. தண்ணீர்க் கப்பலுக்காகக் கரையில் காத்திருந்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! மிஞ்சிய பணத்தை முதலீடு செய்ய லண்டனில் ஒரு வாரியம் அமைத்ததும் அதே ஆண்டுதான்.

எல்லாச் செலவையும் நல்ல செலவு என்று சொல்ல மாட்டேன். 1920-இல் ஊரார் கூடி எழுப்பிய மண்மதிலை 1957-இல் இடித்தார்கள். வாசல்கள் மட்டும் மிச்சம். மதிலுக்குள் இருந்த மனைகளை அரசு ஏகப்பட்ட விலை கொடுத்து வாங்கியது. எண்ணெய்ப் பணத்தைக் குடிமக்கள் கையில் சேர்க்க அது ஒரு வழி. ஆனால் நிறைய நிலம் வைத்திருந்தவர் வீட்டுக்கே நிறையப் பணம் போனது.

1973-இல் எண்ணெய் விலை எகிறி, பணம் வெள்ளமாக வந்தது. 1976-இல் 106-ஆம் எண் சட்டம் வந்தது. பொது இருப்பில் பாதியை எடுத்து வருங்காலத் தலைமுறை நிதியைத் தொடங்கினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் அரசின் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் அதில் சேர வேண்டும். பற்றாக்குறை ஆண்டென்றாலும் விலக்கு இல்லை. எடுத்து வைத்த பிறகு மிஞ்சியதில்தான் செலவு. கணக்கெழுதுகிறவனான எனக்குச் சதவீதத்தைவிட இந்த வரிசைதான் பெரிதாகப் பட்டது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி விடிகாலையில் இராக் படை நுழைந்தது. ஒரு கைப்பையோடு பாலைவனம் தாண்டி அம்மான் போய், அங்கிருந்து விமானத்தில் ஊர் வந்தேன். அப்படித் திரும்பிய இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். குவைத் அரசு சவூதியின் தாயிஃப் நகரில் இருந்தது. எண்ணெய் வருமானம் நின்றுபோன அந்த மாதங்களில் வெளிநாட்டில் எடுத்து வைத்த பணம்தான் அகதியான குடிமக்களுக்குச் சோறு போட்டது. போர்ச் செலவுக்கும் நாட்டை மீண்டும் கட்டுவதற்கும் அதிலிருந்தே எடுத்தார்கள்.

1992-இல் திரும்பிப் போனேன். தோற்றுப் பின்வாங்கிய இராக் படை தீவைத்ததில் எரிந்த எண்ணெய்க் கிணறுகள் 600-க்கும் மேல். கடைசித் தீயை 1991 நவம்பரில் அணைத்திருந்தார்கள். புர்கான் பக்கம் மணலில் எண்ணெய் குளம் குளமாகத் தேங்கிக் கிடந்தது. தண்ணீர் என்று நினைத்து இறங்கிய பறவை ஒன்று சிறகு ஒட்டிக்கொண்டு எழ முடியாமல் தவித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்று அந்நாட்டு பட்ஜெட்டில் பெரும்பங்கு சம்பளத்துக்கும் மானியத்துக்கும் போகிறது. குடிமக்கள் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு, தினாரின் சில்லறைக் காசில், 2 ஃபில்ஸ். 1966-இல் வைத்த விலை. 2020-இல் எண்ணெய் விலை சரிந்து கஜானா வறண்டபோது, உபரி வரும் ஆண்டில் மட்டும் அந்தப் பத்தை எடுத்து வைத்தால் போதும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அன்றைய நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தத் திருத்தம் தவறு. உலை வைக்கும் முன் எடுத்த பிடிதான் 1990-இல் அந்த மக்களைக் காப்பாற்றியது. பழைய விதியைக் குவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.